சோதனை சரி

பிப்ரவரி 3

சுவாமி, என்னை ஆசீர்வதியுங்கள்.

சிரிக்காதே. சிரிக்காதீர்கள். இந்தக் கடிதத்தில் நீங்கள் என் தம்பி இல்லை, குரு. உங்கள் மூக்கைத் துடைத்துவிட்ட அக்கா எழுதுகிறாள் என்பதை மறந்துவிட்டு, பாவசங்கீர்த்தனக் கூண்டில் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பதுபோல் படியுங்கள். நான் கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து ஐந்து வாரமாகிறது.

எங்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல முடியாது. அவர் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் இருக்கிறார், என் குரல் அவருக்கு அத்துப்படி. போனில் சொல்லலாம் என்றால் இந்த குவார்ட்டர்ஸில் நான் தும்மினால் பக்கத்து வீட்டிலிருந்து நூறு ஆயுசு என்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

உனக்கு என் வேலை என்றால் பாத்திரம் வேகவைப்பது என்றுதான் தெரியும். ஆபரேஷனுக்குப் போகும் கத்தி, கத்தரி, துணி எல்லாம் என் அறைக்கு வந்துதான் போகும். பெரிய ஆட்டோகிளேவில் அடுக்கிக் கதவைப் பூட்டினால் நீராவி உள்ளே புகுந்து கிருமியைக் கொல்லும். தினமும் காலை ஆறரைக்கு, முதல் வேலையாக, ஒரு சோதனைக் காகிதத்தைத் துணி மடிப்புக்குள் வைத்து மிஷினை ஓட்டுவோம். காகிதம் முழுக்கக் கறுத்தால் நீராவி உள்ளே போயிருக்கிறது. நடுவில் வெளுப்பாக நின்றால் போகவில்லை. பிறகு ரிஜிஸ்டரில் 'சோதனை' என்ற கட்டத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருஷமாக அது என் கையெழுத்து.

ஜனவரி இருபதாம் தேதி நடுவில் வெளுத்து வந்தது. மறுபடி ஓட்டினேன், மறுபடி வெளுப்பு. காற்றை உறிஞ்சும் பம்ப் போய்விட்டது. நிர்வாகியிடம் காகிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கக்கூட இல்லை.

"பார்ட் வெளியூர்லேர்ந்து வரணும் மேடம். அதுக்காக தியேட்டர மூடச் சொல்றீங்களா? கொஞ்ச நாள் சமாளிங்க. நீங்க அனுபவசாலி" என்றார். நான் வாசல்வரை போனபிறகு, "உங்க பொண்ணோட அப்ளிகேஷன், நம்ம நர்சிங் காலேஜுக்குப் போட்டது, என் டேபிள்லதான் இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்றைக்கு 'சரி' என்று எழுதினேன். இன்றோடு பதினைந்து நாள். சின்ன மிஷின் ஒன்று நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒரு ட்ரேதான் போகும். முடிந்ததை அதில் போடுகிறேன். மற்றதெல்லாம் பெரியதில்தான். இரண்டு பேருக்குத் தையல் ஆறாமல் சீழ் வைத்திருக்கிறது. என்னால்தானா என்று தெரியாது. என்னால் இல்லை என்றும் தெரியாது.

காலைப் பூசைக்குப் போகிறேன், நற்கருணை வாங்குவதில்லை. வரிசை நகரும்போது தூணுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். பஸ்ஸில் ஜெபமாலை சொல்கிறேன், மணி நகர்கிறதே தவிர மனசு நகரவில்லை.

இதற்கும் நான் மறந்துபோன பாவங்களுக்கும் மனஸ்தாபப்படுகிறேன். எனக்கு அபராதம் கொடுத்துப் பாவமன்னிப்பு எழுதி அனுப்புங்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று உங்களுக்குத் தெரியும்.

அக்கா

*

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை படிக்க மனசு வரவில்லை. நான்கு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ என்னைத் திட்டலாம். இது பாவசங்கீர்த்தனம் இல்லை. பாவசங்கீர்த்தனம் நேரில் செய்வது. குருவின் முன்னால் முழங்கால் போட்டு வாயால் சொல்வது. தபாலில் அனுப்பினால் செல்லாது, பாவமன்னிப்பையும் தபாலில் அனுப்ப முடியாது. நீ எழுதியது ஓர் அக்கா தம்பிக்கு எழுதிய கடிதம். அதனால் இது இரகசியத்துக்குள் வராது. நான் வாய்திறக்கலாம்.

சின்ன வயதில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து 'இன்றைக்கு ஒன்று' என்று ஆளுக்கொரு தப்பைச் சொல்லிக்கொள்வோமே, நான் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு உனக்கு மன்னிப்புக் கொடுப்பேனே, அந்த நினைப்பில்தான் எழுதினாய் என்று புரிகிறது. அன்றைக்கு நீ திருடியது சர்க்கரை.

இதைப் படித்ததும் அந்த மிஷினை நிறுத்து. ரிஜிஸ்டரில் உள்ளதை உள்ளபடி எழுது. பெரிய டாக்டரிடம் நேரே போய்ச் சொல். நிர்வாகி வழியாகப் போகாதே. பிறகு உன்னைத் தெரியாத ஒரு கோயிலுக்குப் போய் முழங்கால் போடு.

தினமும் ஜெபத்தில் 'எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்' என்று சொல்கிறோமே, அந்தச் சோதனை ஏதோ கொம்பு முளைத்துக்கொண்டு வரும் என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். உனக்கு அது காலை ஆறரைக்கு ஒரு கட்டம் போட்ட காகிதத்தில் வருகிறது.

தம்பி

*

பிப்ரவரி 9

ஃபாதர் அவர்களுக்கு,

நன்றாக இருக்கிறது. நம்பிக் கழுத்தை நீட்டினேன், சட்டம் பேசுகிறாய். நேரில் சொன்னால் செல்லும், எழுதினால் செல்லாதா? அப்படியென்றால் அதைப் படித்திருக்கவே கூடாது. முதல் வரியிலேயே 'சுவாமி' என்று எழுதியிருந்தேனே, அங்கேயே மூடி வைத்திருக்க வேண்டியதுதானே!

உன்னைக் குருமடத்துக்கு அனுப்ப அப்பா மாட்டேன் என்றபோது யார் சண்டை போட்டது? உன் முதல் பூசைக்கு உன் அங்கியை இஸ்திரி போட்டது யார்? அந்த அக்காவைப் பார்த்து 'நான் வாய்திறக்கலாம்' என்கிறாய். அந்தக் கடிதத்தைக் கொளுத்து. கொளுத்திவிட்டேன் என்று எழுது.

நான் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் மிஷின் கதவில் சிலுவை வரைந்துவிட்டுத்தான் பூட்டுகிறேன். தீர்த்தம் ஒரு பாட்டிலில் வைத்திருக்கிறேன், ட்ரேக்களின் மேல் தெளிக்கிறேன். உதவிக்கு இருக்கும் பெண், "என்னக்கா, செடிக்குத் தண்ணி ஊத்துற மாதிரி" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ட்ரேக்களின் மேலே ஒட்டும் டேப் கறுத்துவிடுவதால் எல்லாம் வெந்துவிட்டது என்று நினைக்கிறாள். டேப் வெளிச்சூட்டுக்கே கறுத்துவிடும்.

இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான். இருபதாம் தேதி சின்னவளுக்கு இன்டர்வியூ. அது முடிந்தால் நானே போய்ச் சொல்லிவிடுவேன். இரண்டு வருஷம் படித்துப் படித்து அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. நீ பிள்ளை குட்டி இல்லாதவன், உனக்கு எப்படிச் சொல்வது?

பதினெட்டாம் தேதி எங்கள் எதிர்வீட்டுத் தையற்காரிக்குப் பித்தப்பையில் கல் எடுக்கிறார்கள். ஊசி என்றுதான் அவளைக் கூப்பிடுவோம், வாயும் அப்படித்தான். இருபது வருஷமாக என் ஜாக்கெட்டெல்லாம் அவள் தைத்ததுதான். கவலைப்படாதே, அவள் ட்ரேயை என் கையாலேயே கட்டி, நானே சின்ன மிஷினில் போட்டு எடுத்துவிடுவேன். அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை நான்.

அக்கா

*

பிப்ரவரி 12 (கூரியரில்)

அக்காவுக்கு,

கொளுத்தவில்லை.

கொளுத்த நினைத்தேன். நேற்று அதற்காகவே சமையலறைக்குப் போனேன். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன்: உன் கடிதம் உண்மையிலேயே பாவசங்கீர்த்தனமாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! என் வாய் கட்டப்பட்டிருக்கும். நீ வேலையில் இருப்பாய், சின்னவள் கல்லூரிக்குப் போவாள், நான் உனக்காக ஜெபிப்பேன், எல்லாரும் நல்லவர்களாக இருப்போம். அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, அக்கா மனஸ்தாபத்தோடுதானே எழுதினாள், அது செல்லும் என்று வைத்துக்கொண்டால் என்ன என்று எனக்கு நானே வாதாடினேன். இருபது வருஷமாக அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த எல்லா நியாயமும் அந்த ஐந்து நிமிஷத்தில் எனக்குக் கைகொடுக்க வந்தது. பயந்துபோய் வெளியே வந்துவிட்டேன்.

ஊசியின் ட்ரேயைச் சின்ன மிஷினில் போடுவேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நீயே ஒருமுறை படித்துப் பார். பெரிய மிஷின் ஆளைக் கொல்லும் என்று உனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு ஊசிக்கு முன்னாலும் பின்னாலும் படுக்கப் போகிறவர்கள் யாருக்கு எதிர்வீடு?

தீர்த்தத்தை அந்த அறையிலிருந்து எடுத்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன். தீர்த்தம் தெளித்தால் பம்ப் ஓடாது. நீ தெளிப்பது ட்ரேயின் மேல் இல்லை, உன் பயத்தின் மேல். சிலுவை போட்டுவிட்டுப் பொய்க் கையெழுத்துப் போடுவதைவிட, சிலுவை போடாமல் பொய்க் கையெழுத்துப் போட்டால் உனக்குக் கொஞ்சமாவது உறுத்தும்.

இந்த மாதிரி தீமைக்கு வெளிச்சம் ஆகாது. ஒரே ஓர் ஆளிடம், முகம் பார்த்து, சத்தமாகச் சொல். நாக்கு ஒருதரம் அசைந்துவிட்டால் மற்றது வந்துவிடும். என் அனுபவத்தில் சொல்கிறேன், எனக்கும் சொல்ல வேண்டியவை இருந்திருக்கின்றன.

பதினேழாம் தேதி மத்தியானம்வரை பொறுப்பேன். அதற்குள் நீ பெரிய டாக்டரிடம் சொல்லவில்லை என்றால் நான் போன் செய்து சொல்வேன். அப்புறம் நீ என் முகத்தில் விழிக்க வேண்டாம். அதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன். பொய், தயாராக இல்லை. ஆனாலும் சொல்வேன்.

தம்பி

*

பிப்ரவரி 14 (கூரியரில்)

தம்பிக்கு,

பார்ட் வந்துவிட்டது. நேற்று மெக்கானிக் வந்து பம்பை மாற்றிவிட்டார். இனி நீ யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை. சோதனை சரி.

அக்கா

*

பிப்ரவரி 16

அக்காவுக்கு,

இன்று காலை என் பூசையை உனக்காக நன்றியாக ஒப்புக்கொடுத்தேன். பத்து நாளாக அரைத் தட்டுக்கு மேல் சாப்பிட்டதில்லை. உன் கடிதம் வந்ததும் இரண்டு தட்டு சாப்பிட்டேன், சமையற்காரர் அசந்துபோனார்.

கடுமையாக எழுதியதற்கு மன்னித்துவிடு. பழைய பதினைந்து இருபது நாளைப் பற்றிப் பிறகு நிதானமாக யோசிப்போம். ஆபரேஷனுக்குப் படுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். முதலில் இன்டர்வியூ நல்லபடி முடியட்டும். சின்னவளிடம் மாமா ஜெபிக்கிறேன் என்று சொல்.

தம்பி

*

பிப்ரவரி 21

தம்பிக்கு,

பார்ட் வரவில்லை. மெக்கானிக்கும் வரவில்லை. உன்னிடம் பொய் சொன்னேன்.

பதினெட்டாம் தேதி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குறுக்கே எதுவும் நினைக்காமல் படி.

ஊசியின் ட்ரேயை விடியற்காலையிலேயே சின்ன மிஷினில் போட்டு எடுத்தேன். அடையாளத்துக்கு, கட்டிய துணியின் ஓரத்தில் நீல மையால் சின்னதாக ஒரு சிலுவை போட்டேன். மற்ற ட்ரேக்களில் அது இல்லை. எல்லாவற்றையும் ஜன்னல் வழியாக தியேட்டர் நர்ஸிடம் கொடுத்துவிட்டு, ரிஜிஸ்டரில் 'சரி' எழுதிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் காலி ட்ரே ஒன்று கழுவ வந்தது. அதைச் சுற்றியிருந்த துணியில் என் நீலச் சிலுவை. காலையில் அவசரமாக ஒரு குடல்வால் கேஸ் வந்திருக்கிறது. கைக்கு எட்டியது எதுவோ அதை நர்ஸ் எடுத்துப் பிரித்துவிட்டாள். அவள்மேல் என்ன தப்பு? எல்லா ட்ரேயும் ஒன்றுதான் என்றல்லவா நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்!

உள்ளே யார் என்று கேட்டேன். "உங்க எதிர்வீட்டம்மாதான். மயக்கம் குடுத்தாச்சு" என்றாள் உதவிப் பெண்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. தியேட்டர் வராந்தாவில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு, வெளிச் செருப்போடு அதைத் தாண்டக்கூடாது. பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் தாண்டியதில்லை. செருப்போடு தாண்டிக் கதவைத் தள்ளினேன். பெரிய டாக்டர் உறை போட்ட கைகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். நர்ஸ் கத்தியை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"தொடாதீங்க டாக்டர்! அந்த ட்ரே வேகல."

"என்னம்மா சொல்றீங்க? டேப் கறுத்திருக்கே."

"டேப் வெளியதான் கறுத்திருக்கு. உள்ள ஸ்டீம் போகல. மிஷின் கெட்டுப்போச்சு. நான் பொய்யா கையெழுத்துப் போட்டேன்."

"எத்தன நாளா?"

"இன்னியோட முப்பது நாள்."

மானிட்டர் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. டாக்டர் தூக்கியிருந்த கையைக் கீழே போட்டார். அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசி கண்விழித்ததும், "முடிஞ்சுதா?" என்று கேட்டாளாம். அவளை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அங்கே நல்லபடி முடிந்தது. விஷயம் தெரிந்த பிறகு எங்கள் பக்கம் இருக்கும் ஜன்னலை அவள் திறப்பதே இல்லை.

என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். நிர்வாகி, தான் எதுவும் சொல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இருபதாம் தேதி சின்னவள் இன்டர்வியூவுக்குப் போனாள். அவள் பெயரைக் கூப்பிடவே இல்லை. திரும்பி வந்து, "எனக்காகப் பண்ணேன்னு மட்டும் சொல்லிடாதம்மா" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய் முன்பின் தெரியாத ஒரு கோயிலில் முழங்கால் போட்டேன். எல்லாம் சொன்னேன். பாவமன்னிப்புக் கிடைத்தது. அபராதமாக மூன்றே மூன்று ஜெபம் கொடுத்தார். இவ்வளவுதானா என்று எழுந்திருக்காமல் இருந்தேன். அந்தச் சாமியார், "அந்த ஆளுங்களுக்கு இது தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியாது. டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார், கமிட்டி யோசிக்கலாம் என்கிறது. நாற்பத்தொரு பேர். ஆபரேஷன் பட்டியலை வைத்து நானே கணக்கெடுத்தேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். நான் ஓடியது ஊசிக்காக. அவள் இடத்தில் வேறு யாராவது படுத்திருந்தால் உட்கார்ந்துதான் இருந்திருப்பேன். என்னைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அக்கா

*

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

உன் பொய்யை நான் நம்பவில்லை.

பதினாலாம் தேதிக் கடிதம் நாலே வரி. நீ மளிகைக்கடைச் சீட்டே முக்கால் பக்கம் எழுதுகிறவள். படித்தவுடனே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். நம்பிவிட்டதாக எனக்கே சொல்லிக்கொண்டு பூசை வைத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டதும் உண்மைதான். பதினேழாம் தேதி மத்தியானம் வந்தது, போனது. உன்னை ஊசி காப்பாற்றினாள். என்னை எதுவும் தடுக்கவில்லை. உனக்கு எழுதிய அறிவுரையையெல்லாம் நினைத்தால் கூசுகிறது.

நேற்று நானும் ஒரு குருவிடம் போய் முழங்கால் போட்டேன். பிறகு அந்த டாக்டருக்குப் போன் செய்து, எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று சொன்னேன். நிர்வாகி உன்னிடம் பேசியதையும் உன் முதல் கடிதத்தில் இருந்தபடியே சொன்னேன். விசாரணையில் வந்து சொல்லவும் ஒத்துக்கொண்டேன்.

அந்த நாற்பத்தொரு வீட்டுக்கும் கமிட்டிக்காகக் காத்திருக்காமல் நாமே போகலாமா? சரி என்று சொல், நாளையே கிளம்பி வருகிறேன். நீ தனியாகப் போக வேண்டாம்.

தம்பி

*

மார்ச் 2

தம்பிக்கு,

விசாரணைக்கு வா. வீடுகளுக்கு வராதே. வெள்ளை அங்கியோடு நீ பக்கத்தில் வந்து நின்றால் அவர்கள் என்னை மன்னித்துவிடுவார்கள்.

இன்று காலை முதல் வீட்டுக்குப் போனேன். ஒரு லாரி டிரைவரின் அம்மா, இடுப்பில் ஆபரேஷன். தையல் இன்னும் காயவில்லை, ஒருக்களித்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பஸ்ஸில் பார்த்திருக்கிறாளாம்.

"ஜெபமாலை சொல்லிக்கிட்டே வருவீங்களே, நீங்கதானே? ஆஸ்பத்திரியிலேர்ந்து ஜெபம் பண்ண அனுப்பினாங்களா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கையைக் கூப்பிக் கண்ணை மூடிவிட்டாள்.

எனக்கு வாயில் ஜெபம் தயாராக இருந்தது. நல்ல ஜெபம், அழகாக வந்திருக்கும். சொல்லி முடித்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு எழுந்திருந்தால், அவள் நன்றி சொல்லி வாசல்வரை அனுப்பியிருப்பாள். முப்பது நாளும் எனக்கு இவ்வளவு பெரிய சோதனை வரவில்லை, தம்பி. அவள் கண்ணை மூடிக் காத்துக்கொண்டே இருந்தாள்.

"கண்ணத் தொறங்கம்மா. நான் ஜெபம் பண்ண வரல" என்றேன்.

திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பம்ப், காகிதம், கையெழுத்து, தேதி, எல்லாம். உடனே பெரிய டாக்டரிடம் போய்த் தையலைக் காட்டச் சொன்னேன். பாதியிலேயே அவள் தலையிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள். மகன் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினான். செருப்பை எடுக்க விடவில்லை. வெறுங்காலோடு பஸ் ஏறினேன்.

நாளைக்கு இரண்டாவது வீடு.

அக்கா